இடிவேந்தனின் இடது கை

இடிவேந்தனின் இடது கையை வெட்டியாகிவிட்டது. வெட்டி முடித்த பிறகுதான், அவனுடைய தனி இதழின் அடுத்த மாத அட்டை ஏற்கெனவே அச்சாகிக் கட்டுக்கட்டாகக் கிடக்கும் விஷயம் ஆசிரியரின் காதுக்கு வந்தது. அந்த அட்டையில் இடிவேந்தன் இரண்டு கைகளாலும் ஒரு பேருந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இப்ப என்ன சார் பண்றது?" என்றார் ஓவியர்.

"அது போருக்கு முன்னாடி நடந்ததுன்னு அட்டை ஓரத்துல ஒரு வரி ஒட்டுங்க. முடிஞ்சுது."

ஆசிரியர் அசரவில்லை. அசருவது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. அந்தச் சித்திரக்கதை அலுவலகத்தில் அவருக்கு எமன் என்று பெயர். நிறுவனத்தின் பத்திரிகைகளில் தனித்தனியாகக் குடித்தனம் நடத்தும் சாகச வீரர்கள் எல்லாரும் வருடத்துக்கு ஒரு முறை ஒரே கதையில் கூடி அடித்துக்கொள்வார்கள். அதற்குப் பெரும்போர் என்று பெயர். அதில் யார் சாக வேண்டும் என்று முடிவு செய்பவர் ஆசிரியர். விற்பனை முடிந்ததும், செத்தது அவன் இல்லை அவனுடைய இரட்டைச் சகோதரன் என்று சொல்லி எழுப்பி உட்கார வைப்பவரும் அவரே. நிஜ எமனுக்கே இந்த வசதி கிடையாது.

இப்படி எத்தனை பேரைக் கொன்றார், எத்தனை பேரை எழுப்பினார் என்று அவருக்கே நினைவில்லை. பழைய இதழ்களைப் புரட்டும் பழக்கமும் இல்லை. அந்த நேரத்தில் அடுத்த போரை யோசிக்கலாமே என்பார். பழைய இதழ்கள் இருந்த அறையில் இப்போது கால் உடைந்த நாற்காலிகள்தான் அடைந்து கிடந்தன.

இந்த வருடம் முதலாளியம்மா குறுக்கே விழுந்துவிட்டார். வீரன் செத்தால் வாசகர்கள் சிரிக்கிறார்களாம், எப்போது வருவான் என்று பந்தயம் கட்டுகிறார்களாம். அவர் ஆசிரியரைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் விஷயத்துக்கு வந்தார்.

"ஒரே ஒரு இழப்பு போதும். ஆனா போனது போனதா இருக்கணும். அது திரும்பி வந்துச்சுன்னா நீங்க போகணும்."

"செத்தவன் வருவான் மேடம். போன கை வராது" என்றார் ஆசிரியர்.

அப்படித்தான் கை முடிவானது. யாருடைய கை என்பதை ஓவியர் சொன்னார். இடிவேந்தனின் இடது கையில் மட்டும் முழங்கை வரை ஒரு கையுறை உண்டு. அதன் மேல் வரிசை வரிசையாக ஆணிகள். ஒரு கைக்கு மட்டும் எதற்குக் கையுறை, அதில் எதற்கு இத்தனை ஆணி என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஓவியர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து படத்துக்குப் படம் அந்த ஆணிகளை வரைந்து வரைந்து கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"எந்த முட்டாள் இதை மாட்டி விட்டானோ தெரியல சார்" என்றார் ஓவியர்.

"வடிகட்டின முட்டாளாத்தான் இருப்பான்" என்று ஆசிரியரும் ஒத்துக்கொண்டு, அந்தக் கையையே வெட்டச் சொன்னார்.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது வீட்டிலும் இதைப் பெருமையாகச் சொன்னார். மனைவிக்குச் சித்திரக்கதை என்றாலே கொட்டாவி வரும். தலையை மட்டும் ஆட்டினார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் செருப்பை மாட்டியபடியே, எந்தக் கை என்று கேட்டாள். இடது கை என்றார். அவள் ஒரு நிமிடம் அவரையே பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நம் மகளுக்கே பிடித்துவிட்டது என்று ஆசிரியர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அட்டைப் பிரச்சினை தீர்ந்ததென்று அவர் அலுவலகத்துக்குள் நுழைந்தால், இடிவேந்தன் கதையை மாதாமாதம் எழுதும் கதாசிரியை வாசலிலேயே மறித்துக்கொண்டார். அந்த அம்மாள் ஒரு வருடமாக ஒரு கட்டத்துக்காகக் கதையைக் கட்டி எழுப்பிக்கொண்டு வந்திருக்கிறார். கோபுரம் சாய்கிறது, உச்சியிலிருந்து ஒரு குழந்தை விழுகிறது, இடிவேந்தன் ஒரு கையால் கோபுரத்தையும் மறு கையால் குழந்தையையும் தாங்குகிறான்.

"இருக்கிற ஒரு கையை வச்சுக்கிட்டு எதை சார் பிடிப்பான்? கோபுரத்தையா, குழந்தையையா?"

குழந்தையை விட முடியாது. கோபுரத்தை விட்டால் குழந்தையின் மேலேயே விழும். ஆசிரியர் தாடையைத் தடவினார். அப்புறம் ஒரு விஞ்ஞானியை வரவழைத்து இரும்புக் கை ஒன்று பொருத்திவிடச் சொன்னார்.

கதாசிரியைக்கு இரும்புக் கை பிடித்துப்போய்விட்டது, அதுதான் வினை. ஒரே வாரத்தில் அந்தக் கை மின்னல் அடித்தது, பூட்டுத் திறந்தது, சுவரைத் தாண்டிப் போய்த் திருடனைப் பிடித்துவிட்டுத் தானாகத் திரும்பி வந்தது. அதைப் பார்த்ததும் மற்ற வீரர்களின் கதாசிரியர்கள் ஆசிரியரின் அறை வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். எங்கள் ஆளுக்கும் ஒரு கண்ணையாவது எடுங்கள், ஒரு காலையாவது முறியுங்கள் என்று ஒரே நச்சரிப்பு. காற்றுமகள் கதையை எழுதுபவர் இரண்டு காதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார்.

விஷயம் முதலாளியம்மாவுக்கு எட்டியது. "நான் இழப்பு கேட்டேன். நீங்க பதவி உயர்வு குடுத்திருக்கீங்க" என்றார். குரலை அவர் உயர்த்தவில்லை. ஆனால் கண் ஆசிரியரை விட்டுவிட்டு, நாற்காலியைப் பார்த்தது. ஆசிரியருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. இந்த வயதில் வேறு எந்த அலுவலகத்தில் போய், எனக்குக் கொல்லத் தெரியும் என்று வேலை கேட்பது?

ஆனாலும் அறைக்குத் திரும்புவதற்குள் பழைய தைரியம் வந்துவிட்டது. இரும்புக் கையின் சக்திகளையெல்லாம் பிடுங்கச் சொன்னார். மின்னல் கிடையாது, பறத்தல் கிடையாது. வெறும் இரும்பு, பிடிக்கும், தாங்கும், குளிர் நாளில் வலிக்கும், அவ்வளவுதான். கதாசிரியை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வலியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். நன்றாகவே இருந்தது.

இப்போது ஓவியர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், ஆணி வரைய முடியலன்னுதான் இந்தக் கையை வெட்டச் சொன்னேன். இரும்புக் கைன்னா கையுறையை விட அதிகமா ஆணி வருது. விரலுக்கு விரல் ஆணி. என் கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

பெரும்போர் இதழ் அச்சுக்குப் போயாக வேண்டிய நாள் அது. ஓவியர் இல்லாமல் போர் நடக்காது. ஆசிரியர் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அவரே ஒரு பென்சிலை எடுத்தார். விரல் ஆணிகளையெல்லாம் மறைத்து, முழங்கை வரை ஒரு கையுறையை மாட்டிவிட்டார். கை ஏனோ தானாகவே அந்தக் கோட்டைப் போட்டது.

"பழைய ஆணி மட்டும் போதும். அது உங்களுக்குப் பழகினதுதானே."

ஓவியர் முனகிக்கொண்டே வரைந்து முடித்தார். முதலாளியம்மா பெரும்போர் இதழின் முடிந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். இடிவேந்தன் போருக்கு முன்னால் எப்படி இருந்தானோ, அச்சு அசல் அப்படியே நின்றான்.

"இதுல இழப்பு எங்க இருக்கு?"

"உள்ள இருக்கு மேடம்."

"உள்ள இருக்கிறதை நான் எப்படி விக்கிறது?"

ஆசிரியர் அந்த இடத்திலேயே ஒரு காகிதம் வாங்கி எழுதினார். அது பின்னட்டை முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தது: ‘இதுவரை எந்த வீரனும் இழக்காததை இடிவேந்தன் இழந்துவிட்டான். கையுறையைக் கழற்றும் பக்கத்தைப் பாருங்கள். இப்படி ஒன்று நம் கதைகளில் இதற்கு முன் நடந்து, பிறகு மாற்றப்பட்டதாக யாராவது காட்டிவிட்டால், நான் இந்த நாற்காலியை விட்டு இறங்கிவிடுகிறேன். இப்படிக்கு, ஆசிரியர்.’

முதலாளியம்மா அதை இரண்டு முறை படித்தார். "இது நீங்க குடுக்கிற வாக்கு. நான் கேக்கல" என்று மட்டும் சொன்னார்.

இதழ் வெளியான அன்று கடைகளில் மதியத்துக்குள் ஒரு பிரதி மிஞ்சவில்லை. கையுறை கழலும் பக்கத்தில் பெரியவர்களே கலங்கிவிட்டதாகக் கடைக்காரர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். முதலாளியம்மா ஆசிரியரின் அறைக்கே வந்து கை குலுக்கினார். ஓவியர்கூடக் கழுத்தைத் திருப்பிச் சிரித்தார். ஆசிரியருக்குத் தரையில் கால் பாவவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் ஒரு பிரதியைச் சாப்பாட்டு மேசை நடுவில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். மனைவி பின்னட்டையை வாய்விட்டுப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

"என்னங்க இது, நாற்காலியையே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. யாராவது காட்டிட்டா?"

"காட்ட யாரு இருக்கா? இத்தனை வருஷத்துல எனக்குத் தெரியாம ஒருத்தனுக்கு நகம் பிஞ்சிருக்குமா?" என்றார் ஆசிரியர், சாய்ந்து உட்கார்ந்து.

மகள் இதழை இழுத்துத் தன் பக்கம் திருப்பி, அட்டையில் இருந்த கையுறையை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"இந்தக் கையை நீங்க ஏற்கெனவே ஒரு தடவை வெட்டியிருக்கீங்கப்பா, அப்ப நான் சின்னப் பொண்ணு, சாப்பிடாம அழுதேன்னு அடுத்த மாசமே முளைக்க வச்சு, ஒட்டு வெளிய தெரியக் கூடாதுன்னு மேல இந்தக் கையுறையை மாட்டி விட்டதும் நீங்கதான்."