கருப்பைக்கு ஒரு சரக்குப் படிவம்

கருப்பையைப் பற்றி மனிதகுலத்துக்கு இதுவரை இருந்த அறியாமையைப் போக்கிய பெருமை, ஒரு சாக்குப்பை ஆலையின் கிடங்கு மேலாளரையே சேரும்.

ஆலையின் 'மருத்துவ விடுப்பு ஆய்வுக் குழு'வுக்கு அவரைத் தலைவராகப் போட்டபோது, "பைதானே? முப்பது வருஷமா பையோடதான் குடித்தனம்" என்று அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். மற்ற மூன்று உறுப்பினர்களும் ஆண்கள். பாரபட்சம் வந்துவிடக்கூடாது அல்லவா!

அன்று முன்னால் வந்து உட்கார்ந்தது தையல் பிரிவு அம்மா. நாலு மாதமாக இரத்தப்போக்கு நிற்கவில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது. வியாழக்கிழமை கருப்பையை எடுக்க மருத்துவமனையில் நாள் கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அவர் கேட்டது ஆறு வார ஓய்வு.

தலைவர் சரக்குப் படிவம் ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"நீளம்?"

"பதினாலு சென்டிமீட்டர் சார். சாதாரணமா ஏழரைதான் இருக்குமாம். உள்ள கட்டி வளர்ந்திருக்கு."

"ரெண்டு மடங்கா! யாரைக் கேட்டும்மா வளர விட்டீங்க?"

"அதுவா வளர்ந்துச்சு சார்."

'அனுமதியற்ற விரிவாக்கம்' என்று எழுதிக்கொண்டார்.

"பயன்பாடு?"

"புள்ள பெத்துக்கத்தான். ரெண்டு பெத்தேன். சின்னவளுக்கே பதினஞ்சு வயசு."

"அப்போ பதினஞ்சு வருஷமா காலியா கெடக்கு!" தலைவர் முகம் மலர்ந்தது. "காலிப் பையைக் கழிச்சுக் கட்ட எதுக்கும்மா ஓய்வு? பாரம் குறைஞ்சு மறுநாளே துள்ளிக்கிட்டு வரலாமே!"

குழு மெய்சிலிர்த்தது. கணக்கர் மட்டும், "பல்லு புடுங்கினாலே ஒரு நாள் குடுக்கறோமே சார்" என்று இழுத்தார்.

"பல்லு தினமும் வேலை செய்யுதுய்யா!"

அந்த அம்மாவின் குரல் உடைந்தது. "வயித்தை அறுத்துத் தைக்கப் போறாங்க சார். தச்ச எடம் ஆற வேணாமா?"

"சரி, ரெண்டு நாள். நமக்கும் மனசாட்சி இருக்குல்ல?"

அந்த அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியின் வெள்ளை மெத்தையில் இரத்தம்.

தலைவர் பதறிப்போனார். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவர் என்ன கல்லா? உடனே இன்னொரு படிவம் எடுத்தார். ஒரே நிமிடத்தில், ஒருமனதாக, ஆறு வாரத் தீர்மானம் நிறைவேறியது.

"நல்லாக் கழுவி, மெத்தை மாத்தி, தனியா வெச்சிடுங்க. ஆறு வாரம் யாரும் மேல உக்காரக் கூடாது" என்று தழுதழுத்தபடி தலைவர் நாற்காலியின் கையைத் தடவிக்கொடுத்தார். "பாவம், என்ன பாடு பட்டுச்சோ!"