தேவதூதருக்கு ஒரு பாஸ்வேர்டு

எங்கள் ஆப்பிரிக்க நகரமான கிட்வேயில் புதன்கிழமை மாலை நிற்கும் அந்த வரிசையை நீங்கள் காலரா முகாமில்கூடப் பார்த்திருக்க முடியாது. செவிலியர், மருந்தாளர், சுகாதார ஆய்வாளர், எல்லாரும் படித்தவர்கள். எல்லாரும் இணைய வழியில் பொதுச் சுகாதார முதுகலைப் பட்டத்துக்குப் பாடுபடுகிறவர்கள். பல்கலைக்கழகம் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறது. வரிசை நிற்பதோ தீர்க்கதரிசி முனைவர் ஒபதியாவின் தகரக் கொட்டகை வாசலில்.

அவருக்கு முனைவர் பட்டம் எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை. நேரே மேலிருந்து இறங்கியதாம். டேட்டா செலவுகூட இல்லை!

அவருடைய அற்புதம் இதுதான். பல்கலைக்கழகத்திலிருந்து திங்கட்கிழமைதான் மின்னஞ்சலில் முடிவு வரும். ஒபதியா ஞாயிற்றுக்கிழமையே உங்கள் மதிப்பெண்ணை அச்சுப் பிசகாமல் சொல்லிவிடுவார். அதற்குப் புதன்கிழமை ஒரு சீட்டும் காணிக்கையும் கொடுக்க வேண்டும். சீட்டில் பெயர், மாணவர் எண், பாஸ்வேர்டு.

"பாஸ்வேர்டு எதுக்கு பப்பா?" என்று ஒருமுறை யாரோ ஒபதியாவிடமே கேட்டுவிட்டார்.

"தேவதூதர் என்ன திருடனா, சுவரேறிக் குதிக்க? வாசல் வழியாத்தான் போவாரு. சாவி வேணாமா?"

கூட்டம் ஆமென் என்றது. நானும் சொன்னேன். என் பெயர் கபெம்புவா, சுகாதார ஆய்வாளர். கிணறு கிணறாகப் போய்க் குளோரின் போட்டு, "பார்க்கத் தெளிவா இருக்குன்னு நம்பிக் குடிச்சிடாதீங்க" என்று ஊருக்குப் புத்தி சொல்லச் சம்பளம் வாங்குகிறவன். அந்தப் புத்தியைக் கொட்டகை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

இன்னொரு விதியும் உண்டு. ஞாயிறு ஆராதனைக்கு முன் யாரும் பல்கலைக்கழகத் தளத்தைத் திறக்கக் கூடாது. திறந்தால் மதிப்பெண் மிரண்டு ஓடிவிடும். மதிப்பெண்ணா கோழிக்குஞ்சா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் மருத்துவ நிலையத்துச் செவிலி காசுபா அம்மா புள்ளியியலில் இரண்டு முறை தோற்றவர். மூன்றாவது முறையும் தோற்றால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். மூன்று வருடப் பாடு மண்ணாகிவிடும். தேர்வுக்கு இன்னும் பதின்மூன்று நாள். ஒபதியா அவருக்கு மருந்து எழுதினார்: பாடக் குறிப்பெல்லாம் இருக்கும் மடிக்கணினி இருபத்தொரு நாள், அதாவது தேர்வு முடிந்த பிறகும் எட்டு நாள், பலிபீடத்தில் நோன்பு இருக்க வேண்டும். சார்ஜ் ஏற்றக் கூடாது. காசுபா அம்மா புத்தகத்தைத் தொடவே கூடாது. படிப்பது விசுவாசக் குறைவு.

பலிபீடத்தில் அப்படி நாற்பது மடிக்கணினிகள் பட்டினி கிடந்தன. மின்வெட்டில் எங்கள் வீடுகளில் அவை தினமும் கிடக்கிற பட்டினிதான். இங்கே அதற்குக் காணிக்கை வேறு.

பரிசோதனைக்கூடத்தில் சளி பார்க்கும் செலிப்பாவும் எங்களோடு படிக்கிறாள். அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"காசுபா அம்மா, போய் லேப்டாப்பை எடுத்துட்டு வந்து படிங்க."

"சும்மா இரு செலிப்பா. பப்பா ரெண்டு தடவையும் என் மார்க்கைக் கரெக்டா சொன்னாரு. முப்பத்தெட்டு, அப்புறம் முப்பத்தொண்ணு."

"ரெண்டு தடவையும் ஃபெயில்தானே? என்கிட்ட கேட்டிருந்தா நானே ஓசியில சொல்லியிருப்பேன்!"

"வாயை அடக்குடி. சாபம் வந்துடும்."

"சரி, ஒரு பந்தயம். நோய்ப் பரவலியல் மார்க்கை இந்த ஞாயிறு பப்பா சொல்லுவாரு. நானும் இந்தக் குரங்கு தின்னியும் சீட்டை மாத்தி எழுதறோம். அவர் பேருக்குக் கீழே என் நம்பர், என் பாஸ்வேர்டு. என் பேருக்குக் கீழே அவரோடது. பப்பா ஆளைப் பார்த்து மார்க் சொன்னாருன்னா, நானும் என் லேப்டாப்பைப் பட்டினி போடறேன்."

"எலி தின்னி, என்னை ஏன் இழுக்கறே?" என்றேன். அவள் ங்கோனி இனம், நான் பெம்பா இனம்; பரம்பரையாகக் கேலி பேசிக்கொள்ளும் உறவு; எங்களுக்குள் இப்படித் திட்டிக்கொள்ளாவிட்டால்தான் மரியாதைக் குறைவு.

அந்தத் தளத்தில் எங்களுக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்தான். மாற்றியது யாருக்கும் தெரியாது. காசுபா அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சம்மதித்தார்.

ஞாயிறு வந்தது. ஜெனரேட்டர் உறுமியது. ஒபதியா வெள்ளைக் கோட்டு அணிந்து, கண்ணை மூடி, மைக்கில் மூச்சு விட்டார்.

"கபெம்புவா! மகனே! ஒரு எட்டைப் பார்க்கிறேன்... பக்கத்துல இன்னொரு எட்டு! எண்பத்தெட்டு!"

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆடினேன்! சீட்டை மாற்றி எழுதிய அதே கையைத் தூக்கிக்கொண்டு ஆடினேன். எண்பத்தெட்டு என்று கேட்டதும் புத்தி போன இடம் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஜெயித்தவரின் கைப்பேசியைப் பெரிய திரையில் காட்டுவது சபை வழக்கம். ஆடிக்கொண்டே என் எண்ணைப் போட்டுத் தளத்தைத் திறந்தேன். திரையில் ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது: நாற்பத்தொன்று.

"சாத்தான்!" என்று ஒபதியா கத்தினார். "சாத்தான் மார்க்கை மாத்திட்டான்!"

செலிப்பா எழுந்தாள். "சாத்தான் இல்ல பப்பா, நாங்கதான். மார்க்கை இல்ல, சீட்டை. எண்பத்தெட்டு என்னோடது." தன் கைப்பேசியையும் காட்டினாள். "தேவதூதர் ஆளைப் பார்க்கலை, நம்பரைப் போட்டுப் பார்த்திருக்காரு. சனிக்கிழமையே தளத்துல மார்க் வந்துடுது. நாங்க பார்க்கக் கூடாதுன்னு சொல்லிட்டு நீங்க பின் ரூம்ல உக்காந்து பார்க்கறீங்க. இதுக்கு றெக்கை எதுக்கு?"

கொட்டகை முழுக்கக் கைப்பேசிகள் வெளியே வந்தன. இருநூறு பேர் ஒரே நேரத்தில் பாஸ்வேர்டு மாற்றப் பார்த்ததில் கைப்பேசிக் கோபுரமே திணறிப்போனது. ஒபதியா விடவில்லை. "சந்தேகப்படறவங்க எல்லாரும் ஃபெயில்!" என்று ஒலிபெருக்கி அதிர முழங்கினார்.

காசுபா அம்மா மட்டும் கைப்பேசியைத் தொடவில்லை. நேரே பலிபீடத்துக்கு நடந்தார். குவியலைக் கிளறித் தன் மடிக்கணினியை எடுத்தார். அழுத்திப் பார்த்தார். செத்துக் கிடந்தது. சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக். அதில் ஒலிபெருக்கி மாட்டியிருந்தது.

பிடுங்கினார்.

ஒபதியாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. காசுபா அம்மா தன் சார்ஜரை மாட்டி, பலிபீடப் படியிலேயே உட்கார்ந்து, "கபெம்புவா, அந்த நிகழ்தகவுப் பாடம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நாற்பத்தொன்று வாங்கியவனிடம் கேட்கிற கேள்வியா அது? செலிப்பா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தேர்வுக்கு மிச்சமிருந்த நாளெல்லாம் படித்தார். தேறினார், ஐம்பத்தெட்டு. சனிக்கிழமையே தளத்தைத் திறந்து தானே பார்த்தார்.

அதற்கடுத்த புதன்கிழமை கொட்டகைப் பக்கம் போனேன். மறுபடியும் வரிசை! எங்கள் வகுப்பிலிருந்தே ஐந்து பேர், கையில் சீட்டோடு.

"என்னய்யா, இன்னுமா?" என்று மருந்தாளர் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன்.

"பாஸ்வேர்டை மாத்திட்டோம்ல, புதுசை எழுதிக் கொடுக்கலேன்னா தேவதூதர் பாவம் எப்படி உள்ளே போவாரு?" என்றார்.

காலராவுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. வாயைத் திறந்தால் நாங்களே ஊற்றிவிடுவோம். இதற்கு அப்படி எதுவும் கிடையாது. யோசித்துத்தான் ஆக வேண்டும், அதையும் அவரவரே.