கோழிகள் மட்டும் நம்பிய விமானம்

தெரியாத விஷயத்தில் கை வைக்கும் துணிச்சல் எனக்குப் பிறவியிலேயே உண்டு. விமானத்தை வானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக மட்டுமே பார்த்திருந்தவன், அதன் சத்தத்தைத் திருத்தக் கிளம்பினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசி. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த என் தாய்மாமன், தீவனக் கலவைக் கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். சேலத்தில் கம்ப்யூட்டர் படித்த கையோடு நான் அதற்குப் பூசாரியாக வந்து சேர்ந்தேன்.

"ஒரு மாசம் பாக்கறேன் மாப்ள. ஒத்து வந்தா இங்கயே இரு. இல்லீனா உங்கொப்பன் லாரி ஆபீசுக்கே போயிரு" என்றார் மாமா.

எனக்குப் பண்ணையை விட்டுப் போக மனமில்லை. காரணம், மாமாவின் மகள் சரசு. (அப்போது தனக்கு இது தெரியவே தெரியாது என்று இன்றுவரை சாதிக்கிறாள்.)

கணக்கு வேலை காலையிலேயே முடிந்துவிடும். மிச்சப் பொழுதுக்கு, கூடப் படித்தவன் கொடுத்த ஃப்ளாப்பியில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. திரையில் நாலு கோடு, அதுதான் ஓடுபாதை. சரசுவைக் கூப்பிட்டுப் பெருமையாக ஓட்டிக் காட்டினேன். விமானம் எழும்பியது. கம்ப்யூட்டர் "ஙொய்" என்றது.

"ஏரோப்ளேனுங்களா? கொசு மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு மானமே போயிற்று. அந்த விளையாட்டின் புரோகிராமைத் திறந்தால், சத்தத்துக்கென்று ஓர் எண் இருந்தது. குறைத்தால் தவளை, கூட்டினால் விசில். யாரையாவது கேட்கலாம் என்றால் சுற்றுவட்டாரத்தில் விமானம் ஏறியவர் ஒருவருமில்லை. கொல்லிமலை ஏறுகிற லாரி மாதிரி இருக்கும் என்று தீவன லாரி டிரைவர் அடித்துச் சொன்னார். பத்து விசைத்தறி சேர்ந்து ஓடுகிற மாதிரி என்றார் பக்கத்துத் தறிக்காரர். இரண்டையும் போட்டுக் காட்டினேன். "இது இல்லீங்க" என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

கடைசியில் மைக் செட் சின்ராசுதான் வழி சொன்னார்.

"காசு அகல ஸ்பீக்கர்ல ஏரோப்ளேனு எப்படிங்க வரும்? அதுமில்லாம, அது மேசைக்குள்ளயா ஓடுது? சத்தம் மேல இருந்துல்ல வரோணும்."

நியாயமாகப் பட்டது. (அந்த வயதில் எனக்கு எல்லாமே நியாயமாகப் படும்.) மாமா முட்டை லாரியோடு வெளியே போன நேரம் பார்த்து, பெரிய கோழிக் கொட்டகையின் கூரை மேல் கோயில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கரைக் கீழ்நோக்கிக் கட்டினோம். கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் இழுத்தோம். சரசுவை வாசலில் நிற்க வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

வானமே இறங்கி வந்தது. அப்படி ஒரு சத்தம். ஒரு கணம் பூரித்துப் போனேன். அடுத்த கணம் கொட்டகை மொத்தமும் அலறியது. பருந்தின் நிழலுக்கே பதறும் ஜாதி அது. தலைக்கு மேலே விமானம் என்றால் சும்மா இருக்குமா? கூண்டுக்குள்ளேயே பறக்கப் பார்த்தன. முட்டைகள் உருண்டு உடைந்தன. நிறுத்தப் போன நான் பதற்றத்தில் வேறு பொத்தானைத் தட்ட, விமானம் இன்னும் வேகமெடுத்தது. சின்ராசுதான் ஒயரைப் பிடுங்கி எறிந்தார்.

மறுநாள் பாதிக் கோழிகள் முட்டையே இடவில்லை. இட்டவற்றில் பல, ஓடில்லாத தோல் முட்டைகள். மாமா ஒன்றைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"என்ன மாப்ள பண்ணுன?"

"ஏரோப்ளேன் சத்தத்தைச் சரி பண்ணுனனுங்க மாமா."

"சரியாச்சா?"

"மனுசங்க யாரும் ஒத்துக்குலீங்க. கோழிக நம்பிருச்சுங்க."

மாமா தோல் முட்டையைக் கூடையில் போட்டுவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். போச்சு, லாரி ஆபீஸ்தான், சரசுவும் போனாள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன்னைய அங்க அனுப்புனா லாரிக்கெல்லாம் ஹாரனத் திருத்துவ. பேசாம இங்கயே இரு. கோழிகளுக்கு இனி நீதான் தண்ணி காட்டோணும்" என்றார்.

கம்ப்யூட்டர் சாக்குக்குள் போனது, நான் கொட்டகைக்குள் போனேன். அப்படித்தான் முட்டை வியாபாரி ஆனேன், சரசுவுக்குப் புருஷனும் ஆனேன். எங்கள் வீட்டில் தோல் முட்டைக்கு இன்றும் ஏரோப்ளேன் முட்டை என்றுதான் பெயர்.

பல வருடம் கழித்து இருவரும் முதல்முறையாக விமானம் ஏறினோம். எஞ்சின் உறும ஆரம்பித்தது. சரசு சற்று நேரம் கேட்டுவிட்டு என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பயப்படுகிறாள் என்று நினைத்துத் தைரியம் சொல்லத் திரும்பினேன்.

"சத்தம் வேற மாதிரிதான் இருக்குது. இருந்தாலும் நீங்க எந்திரிச்சுப் போயி எதையும் தொட்டுறாதீங்க" என்றாள்.