ஊதா நாக்குக்காரர்கள் மீதான நடவடிக்கை

நாவப்பழம் தின்னா நாக்கு ஊதாவாகும்ங்கறது திண்டுக்கல்லுல பச்சப்புள்ளைக்கும் தெரியும். அரசாங்கத்துக்குத்தான் போன வாரம் தெரிஞ்சுச்சு.

எங்கயோ ஒரு காலேஜ்ல, சோதனைக் குழாய்க்குள்ள இருந்த கேன்சர் செல்லு மேல நாவப்பழச் சாற ஊத்தியிருக்காங்க. செல்லு கொஞ்சம் சோந்துருச்சாம். 'மனுசருக்கு வேல செய்யுமான்னு இனிமேத்தான் பாக்கணும்'னு கடைசி வரியில போட்டிருந்தாங்க. வாட்ஸப்புல ஊரு பூராம் சுத்துனப்ப அந்தக் கடைசி வரி மட்டும் காணோம்.

மறுநாள் காலையில பஸ் ஸ்டாண்டு வாசல்ல, சாணார்பட்டி ராமுத்தாய் அக்காவோட நாவப்பழக் கூடையச் சுத்தித் திருவிழாக் கூட்டம். முந்தாநாள் வரைக்கும் "கிவி இல்லையா?"ன்னு மூக்கச் சுளிச்ச ஜோஸ்பின் டீச்சர், அரைக் கிலோவ அங்கனயே நின்னு தின்னாங்க. முனீர் பாய் டீ ஆத்துறத விட்டுட்டு வந்து தின்னாரு. பத்து மணிக்குள்ள ஒரு கூடை காலி. இன்னும் ஒரு கூடை கெடந்துச்சு.

அப்பத்தான் ஜீப்புல வந்து எறங்குனாரு அதிகாரி உடையப்பன். பழவழி நோய்த்தடுப்புக் கண்காணிப்புப் பிரிவு. பிரிவு பொறந்தே மூணு மணி நேரந்தான் ஆச்சு.

"ஏம்மா, இது கேன்சரத் தடுக்குதாமே?"

"சனங்க சொல்லுது சார். எனக்கென்ன தெரியும்?"

"தடுத்தா மருந்து. மருந்து விக்க லைசென்ஸ் எங்க?"

"அப்ப தடுக்கலன்னு வச்சுக்கங்க."

"தடுக்கலன்னா ஏமாத்து வேல. அதுக்குத் தனி கேஸ்."

"மரத்துல காச்சது சார்!"

"தயாரிச்ச தேதி?"

"விடியக்காலம் உலுக்குனது."

"காலாவதி தேதி?"

"சாயங்காலம் சார். அதுக்கு மேல கொழகொழத்துப் போயிரும். இந்தக் கூடைய வித்தாத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியும். விட்ருங்க சார்."

உடையப்பன் தொண்டையச் செருமிக்கிட்டு ஆணை பிறப்பிச்சாரு. கூடை பறிமுதல். டாக்டர் சீட்டு இல்லாம மேற்படி மருந்தத் தின்னவங்க மேலயும் தக்க நடவடிக்கை எடுக்கப்படும். அடையாளம்: ஊதா நாக்கு. இது வெறும் பழம்தான்னு மூணு பேரு வாயத் தொறந்து சாட்சி சொன்னா, கூடை திருப்பித் தரப்படும்.

அம்புட்டு வாயும் ஒரே நேரத்துல மூடுச்சு.

சாட்சி வர்ற வரைக்கும் சும்மா நிக்கக் கூடாதுன்னு, உடையப்பன் விதிமுறைப்படி மாதிரி எடுத்தாரு. ஒரு கை அள்ளி, உப்புத்தூள் தூவி, வாயில எடுத்தாரு. முடிவுல ஐயம் இருந்ததால இன்னொரு கை மறுமாதிரியும் எடுத்தாரு.

"டீச்சரம்மா, நீங்க படிச்சவுக. ஒரு வார்த்த சொல்லுங்க"ன்னு ராமுத்தாய் அக்கா கெஞ்சுனாங்க.

ஜோஸ்பின் டீச்சர் கைக்குட்டையால வாயப் பொத்திக்கிட்டு வராத பஸ்ஸப் பாத்தாங்க.

"பாய், நீங்க?"

முனீர் பாய் பாய்லரக் காட்டி, வேல கெடக்குன்னு சைகை செஞ்சாரு.

அக்கா அதிகாரிகிட்டயே திரும்புனாங்க. "நீங்களே தின்னீகள்ல சார்? சொல்லுங்க, இது பழமா, மருந்தா?"

உடையப்பன் உதட்ட இறுக்கி மூடிக்கிட்டு, நோட்ட எடுத்து எழுதிக் காட்டுனாரு: "பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபணை ஏதும் எழவில்லை."

கூடை ஜீப்புல ஏறுச்சு. "அது வெறும் பழம்யா!"ன்னு ராமுத்தாய் அக்கா மட்டும் பின்னாலயே கத்திக்கிட்டு ஓடுனாங்க. அந்த பஸ் ஸ்டாண்டுலயே செவந்த நாக்கு அவுகளுக்கு மட்டுந்தான். விக்கிற பழத்துல ஒண்ணக்கூட அவுக வாயில போட்டதில்ல.

'நீயாவது சொல்லியிருக்கலாமேடா'ன்னு கேப்பீக. சொல்லியிருப்பேன். காலையில கால் கிலோ நானும் தின்னுருந்தேன்.