தானாகச் சுருதி சேரும் கிற்றார்

இந்தத் திருநாளோடு பயப்படுவதை நிறுத்திவிடுவது என்று நான் முடிவெடுத்தேன்.

என்ன பயம் என்பதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். என் மனைவி ஜெனுஷாவுக்குத் தெரியாது. எனக்குச் சுருதி பிடிபடாது. காதில் குறையில்லை. மீன்காரனின் ஹோர்ன் சத்தம் இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் வரும்போதே எனக்குக் கேட்கும். ஆனால் ஒரு தந்தி சுருதியில் நிற்கிறதா, இறங்கி நிற்கிறதா என்று கேட்டால், படிக்காமல் பரீட்சை மண்டபத்துக்குள் போனவன்போல விழிப்பேன்.

இருந்தும் ஓலைத்தொடுவாயில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவுக்கு மூன்று வருடமாகக் கிற்றார் வாசிப்பவன் நான்தான். என் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த கிழமையே, “பட்டதாரிக்குத் தெரியாததோ?” என்று குழுவில் சேர்த்துவிட்டார்கள். ‘தெரியாது’ என்று சொல்லப் பல்கலைக்கழகத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எந்த விரலை எங்கே வைப்பது என்பதைப் படம் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். அதை வைத்துத்தான் சீவியம்.

என் பழைய கிற்றார் படிக்கிற காலத்தில் வாங்கியது. அப்போது நாளுக்கு இரண்டு தரம் சுருதி இறங்கும். அறைத்தோழன் பார்த்தீபன் என்னைத் திட்டித் திட்டிக் கூட்டித் தருவான். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு ஒருநாள்கூட இறங்கவில்லை! மன்னார்க் கடற்காற்று அதற்கு ஒத்துக்கொண்டது என்று நினைத்தேன். ஞாயிறு காலையில் கிணற்றடிக்குக் குளிக்கப் போவேன். திரும்பி வர, கிற்றாரை ஜெனுஷா தூசு தட்டிக் கதிரையில் சாய்த்து வைத்திருப்பாள். கோயிலில் வாசித்தால் சரியாக இருக்கும்.

இதுதான் பயம். அதிர்ஷ்டம் மூன்று வருடம் தாங்கியதே பெரிது. இந்த வருடம் திருநாளின் மாலை ஆராதனையான வெஸ்பரில் தொடக்க இசை என் கிற்றாரும் றஞ்சிதம் அக்காவின் ஆர்மோனியமும் மட்டும். அன்றைக்குப் பார்த்து அதிர்ஷ்டம் முடிந்தால்?

பிரான்ஸில் இருக்கும் மச்சான் றொட்னிக்கு, அதாவது ஜெனுஷாவின் அண்ணனுக்கு, இரகசியமாக வட்ஸ்அப்பில் எழுதினேன். தானாகவே சுருதி கூட்டும் எலக்ட்ரிக் கிற்றார் ஒன்று இருக்கிறதாம், திருநாளுக்கு வரும்போது கொண்டுவர முடியுமா என்று. கொண்டுவந்தார்.

“அண்ணா ஏன் இப்பிடி ஒரு சாமானைக் காவிக்கொண்டு வந்தவர்?” என்று ஜெனுஷா கேட்டாள்.

“ஆருக்குத் தெரியும்? அவற்ற பாசம்” என்றேன். பொய்தான். இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அருமையான சாமான். தலைப்பகுதியில் ஆறு குட்டி மோட்டோர், ஒரு சுவிச், ஒரு பற்றறி. சுவிச்சை அமத்தித் தந்திகளைத் தடவினால் போதும். ஆறு முறுக்காணிகளும் ‘கிர்ர்’ என்று தாமாகச் சுற்றும். பச்சை விளக்கு எரியும். விஞ்ஞானத்துக்கு நன்றி சொல்லி முதல் பயிற்சிக்குப் போனேன்.

றஞ்சிதம் அக்கா ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்தார்.

“தம்பி, பச்சை லைற் வடிவா எரியுது. ஆனா உங்கட கிற்றார் வேறை கோயில்ல நிண்டு வாசிக்குது.”

அன்றே கையேட்டை எடுத்தேன். அதில் ‘பிரச்சினைகளும் தீர்வுகளும்’ மட்டும் நான்கு பக்கம். மஞ்சள் பேனையால் கோடிட்டுப் படித்தேன். பற்றறி இறங்கியிருக்கலாம். ஏற்றினேன். தந்தி பழசாக இருக்கலாம். புதுத் தந்தி எடுத்தேன். அந்த நேரம் பார்த்து மாமனார் பேதுரு கடலால் வந்துவிட்டார்.

“தள்ளும் மருமோன். கட்டுறது என்ர தொழில்.”

“மாமா, ரெண்டு சுத்துக் காணும் எண்டு போட்டிருக்கு.”

“ரெண்டோ? சூரை மீன் இழுத்தா என்ன செய்வீர்?”

“கிற்றாரைச் சூரை இழுக்காது, மாமா.”

“இதை எழுதினவன் கடலுக்குப் போகாதவன்” என்றபடி எட்டுச் சுற்றுச் சுற்றி, மேலே ஒரு முடிச்சும் போட்டார். சுவிச்சை அமத்தினேன். பாரம் கூடிய வள்ளத்தின் எஞ்சின்போல மோட்டோர்கள் முனகின. சிவப்பு விளக்கு. அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு ஒரு பின்னேரம் போனது. கடைசியில் வெட்டத்தான் வேண்டியிருந்தது. “பாத்தீரோ!” என்று மாமா பெருமைப்பட்டார்.

மறுபடி புதுத் தந்தி, இரண்டே சுற்று. தந்தி இறுகும் பள்ளத்தில் வழுக்குவதற்குப் பென்சில் கரி. எல்லாம் கையேட்டின்படி. ஆறுக்கும் பச்சை. அடுத்த பயிற்சி.

“இப்ப ஆறு தந்தியும் ஒற்றுமையா வேறை கோயில்ல நிக்குது” என்றார் றஞ்சிதம் அக்கா.

வெஸ்பர் நாள் மத்தியானம். சோறு இறங்கவில்லை.

“என்னப்பா, முகம் கறுத்துக் கிடக்கு?” என்றாள் ஜெனுஷா.

“மெசினில ஒரு சின்னப் பிரச்சினை.”

“அது ஆற்ற சுருதிக்குக் கூட்டுது?”

“உலகத் தரத்துக்கு.”

“உலகமோ திருநாளுக்கு வருகுது? றஞ்சிதம் அக்காவின்ர ஆர்மோனியமெல்லோ வருகுது. அது நான் சின்னப் பிள்ளையா முதல் நன்மை எடுத்த காலத்திலயிருந்தே கொஞ்சம் இறக்கம்.”

“ஓம் ஓம், நானும் கவனிச்சனான்.” கவனிக்கவில்லை.

“அப்ப இதையும் இறக்கி விடலாமெல்லோ?”

இறக்கலாம் என்று பதினேழாம் பக்கத்தில் இருந்தது. எதையோ அமத்தினேன். வேறு எதையோ அமத்தியிருக்கவேண்டும் போல. மோட்டோர்கள் ஒரு நிமிடம் விடாமல் சுற்றின. ஆறு தந்தியும் கொடியில் போட்ட உடுப்புப்போலத் தொங்கின. வெஸ்பருக்கு இன்னும் மூன்று மணித்தியாலம்.

தொங்கிய தந்திகளை அவள் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“அந்தப் புத்தகத்தை இஞ்ச தாங்கோ. நான் ஒருக்காப் பாக்கிறன். நீங்கள் போய்க் குளியுங்கோ.”

குளித்துவிட்டு வந்தேன். கிற்றார் கதிரையில் சாய்ந்திருந்தது.

“செற் பண்ணிட்டன். இனி அந்தச் சுவிச்சைத் தொடாதேங்கோ. தொட்டா எல்லாம் குழம்பிடும்.”

தொடவில்லை. வெஸ்பரில் கண்ணை மூடிக்கொண்டு முதல் தந்தியைத் தட்டினேன். றஞ்சிதம் அக்கா ஆர்மோனியத்தோடு சேர்ந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதைவிட எனக்கு என்ன வேண்டும்? முடிந்ததும் பங்குச் சுவாமி என் தோளில் தட்டி, இந்தப் புதுமையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார். நான் ஏழு நிமிடம் பேசினேன். மனிதக் காது பிழை விடும், மெசின் விடாது என்று முடித்தேன். பெண்கள் பக்கத்தில் ஜெனுஷா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து கிற்றாரை அலுமாரிக்குள் வைக்கப் போனேன். அலுமாரிக்கு மேலே சார்ச்சர். சார்ச்சருக்குள் கிற்றாரின் பற்றறி. அமைதியாக ஒரு பச்சை விளக்கு.

“ஜெனுஷா, இது இல்லாம அது எப்பிடித் தானாச் சுருதி கூட்டினது?”

“நல்ல கிற்றார்” என்றாள் குசினிக்குள் இருந்து.

பட்டதாரிக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

“அப்ப பழசு?”

“அதுவும் நல்ல கிற்றார்.”

“மூண்டு வரியமாவோ?”

“நீங்கள் கிணத்தடியில அரை மணித்தியாலம் நிக்கிறனீங்கள். எனக்குப் பத்து நிமிசம் காணும்.”

“எனக்குச் சுருதி தெரியாதெண்டு உமக்கு எப்ப தெரியும்?”

“கலியாணத்தண்டு மைக்கை வாங்கிப் பாடினனீங்களெல்லோ.”

கதிரையில் இருந்துவிட்டேன். அவள் விடவில்லை.

“கிற்றார் வேணுமெண்டு நீங்கள் எழுதின கையோட அண்ணா எனக்குத்தான் கோல் எடுத்தவர். வாங்கி வாங்கோ எண்டு நான்தான் சொன்னனான். ஞாயிறில எனக்கும் ஒரு லீவு கிடைக்குமெண்டு பாத்தன்.”

மூன்று வருடம். தகப்பனிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை இவள். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். எங்கள் வீடுகளில் அதைச் சொல்லிப் பழக்கமில்லை. “தேத்தண்ணி போடட்டோ?” என்றுதான் வந்தது. போட்டேன். சீனி காணாது என்றாள், ஆனாலும் குடித்தாள்.

அடுத்த ஞாயிறும் துவாயை எடுத்துக்கொண்டு, ‘குளிக்கப் போறன்’ என்று அவளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போனேன். இப்போது கூட்டுவதற்குப் புதுக் கிற்றாரும் இருக்கிறதல்லவா, அதனால் ஐந்து வாளி கூடுதலாகவே குளிக்கிறேன்.