ஜெராக்ஸ்காரரும் மூன்றாம் லெவலும்

செஞ்சிக் கோட்டையை ராஜாக்கள் முற்றுகையிட்டார்கள், சுல்தான்கள் முற்றுகையிட்டார்கள், நவாபுகளும் வெள்ளைக்காரர்களும்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால், திருவண்ணாமலை ரோட்டில் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் நீச்சல் குளத்தை எங்கள் ஜெராக்ஸ்காரர் முற்றுகையிட்ட தீவிரத்துக்கு முன்னால் அதெல்லாம் சும்மா பிக்னிக்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஊரில் யாருக்கும் அது தெரியாது. தாலுகா ஆபீசுக்கு எதிரே கடை. 'ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் சேவை' என்று பலகை. அவர் மனைவியே போன் செய்தால், "ஜெராக்ஸ் வீட்லேருந்து பேசறன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

செஞ்சியில் பாதிப் பேரின் பட்டா, ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். எந்தத் தாளையும் படிக்காமல் மெஷினில் வைக்க மாட்டார். வைத்தபின், யோசனை சொல்லாமல் திருப்பித் தரவும் மாட்டார். "இன்னாம்மா, பையன் கணக்குல ஜஸ்ட் பாஸு, கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டு எழுதிக்கினு வந்துருக்க?" என்று ஒரு தாயை நடு ரோட்டில் கலங்க வைத்தவர். நான் ஒருமுறை டிரான்ஸ்பர் விண்ணப்பம் நகல் எடுக்கப் போனேன். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. "டீச்சர், பனமலைப் பக்கம் கேக்காதீங்க. பஸ்ஸு நேரத்துக்கு வராது. சீயமங்கலம் பக்கம்னு மாத்தி எழுதுங்க" என்றார். மாற்றி எழுதினேன். வேறு என்ன செய்வது, ஒரிஜினல் அவர் கையில் இருந்தது.

போன கோடை விடுமுறையில் அந்தக் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு ஆரம்பித்தார்கள். வாசலில் பெரிய போர்டு. முதல் லெவல், தண்ணீரில் இறங்கியே பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு. இரண்டாவது, கொஞ்சம் மிதக்கத் தெரிந்தவர்களுக்கு. மூன்றாவது, குளத்தைக் குறுக்கே நீந்துகிறவர்களுக்கு. புதுச்சேரியிலிருந்து வந்து போகும் ஒரு இளம்பெண்தான் கோச். கழுத்தில் விசில், முகத்தில் சிரிப்பு, வாயில் மிகக் குறைந்த சொற்கள்.

என் மகன் கவினை அழைத்துக்கொண்டு நான் வரிசையில் நின்றேன். அவனுக்கு முதல் லெவல் போதும் என்று முடிவு செய்திருந்தேன். எனக்கு முன்னால் ஜெராக்ஸ்காரர், காதில் பேனாவோடு. அவர் விரலைப் பிடித்தபடி மகள் யாழினி. இரண்டாம் வகுப்பு முடித்தவள். அப்பாவின் வாய் அவளுக்கு வரவில்லை, கண் மட்டும் வந்திருந்தது.

"பாப்பாவை எந்த லெவல்ல போடலாம் சார்?" என்றார் கோச்.

"மூணு."

"முன்னாடி கத்துக்கிட்டிருக்காளா?"

"மேடம், செட்டிகுளத்துல இந்தக் கரையில குதிச்சி அந்தக் கரையில ஏறனவன் நானு. எம்பொண்ணு அவ."

"சரிங்க சார். முகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சு மூச்சு விடுவாளா?"

"மூச்சுதான? பொறந்ததுலேருந்து வுடுறா மேடம்."

கோச் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு சின்ன டெஸ்ட், அதைப் பார்த்துத்தான் லெவல் என்றார். டெஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் ஜெராக்ஸ்காரர் நிமிர்ந்தார். அந்த நொடியில் முற்றுகை தொடங்கியது.

இரண்டு நாள் கழித்து ஆதார் நகல் எடுக்கக் கடைக்குப் போனேன். கடைக்குள் பெஞ்சு. பெஞ்சின் மேல் ஏ-ஃபோர் பேப்பர் பண்டல்கள். பண்டல்களின் மேல் யாழினி குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீச்சல் கண்ணாடி. ஜெராக்ஸ்காரர் ஒரு கையால் மெஷினில் தாளைத் தள்ளி, இன்னொரு கையால் போனில் ஏதோ வெளிநாட்டு நீச்சல் வீடியோவைப் பிடித்து, "முட்டி மடங்கக் கூடாது! முட்டி!" என்று கத்திக்கொண்டிருந்தார். முதியோர் பென்ஷனுக்கு வந்த ஒரு பெரியவர் பயபக்தியோடு தன் முட்டியை நேராக்கிக்கொண்டார்.

"நைனா, நான் எங்க போயினு இருக்கேன்?" என்றாள் யாழினி, அடிப்பதை நிறுத்தாமல்.

"மேல்மலையனூர் தாண்டிட்ட. போ, போ!"

டெஸ்ட் நாள் வந்தது. யாழினி படியில் ஒரு கால் வைத்தாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் அங்கிருந்த ஸ்டீல் கம்பியைக் கட்டிப் பிடித்தாள். அதன் பிறகு கம்பி வேறு, அவள் வேறு என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. வேலிக்கு வெளியே நின்ற ஜெராக்ஸ்காரர், "பாப்பா, பண்டலு மேல நெனச்சிக்கோ! பண்டலு!" என்று கத்தினார். அவள் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். பண்டல் நனைந்திருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

"முதல் லெவல் சார்," என்றார் கோச்.

"ஒன்றரை இருக்குதா?"

"இல்ல சார்."

"ஒண்ணே முக்கால்?"

அதுவும் இல்லை. மனிதர் அசரவில்லை. நேரே மண்டப முதலாளியிடம் போனார்; குளமும் அவருடையதுதான். முதலாளியின் வரி ரசீது முதல் கரண்ட் பில் வரை ஆன்லைனில் கட்டித் தருபவர் இவர்தான். முதலாளி வந்து, சொத்துத் தகராறு தீர்ப்பது போல இடுப்பில் கை வைத்து நின்றார். "அவரு மூணு கேக்குறாரு, நீ ஒண்ணுன்ற. ரெண்டுல போட்டு வுடும்மா."

கோச் ஜெராக்ஸ்காரரைப் பார்த்துச் சொன்னார்: "சார், போடுறேன். ஆனா இவ பயந்தா கீழ இறக்கிடுவேன். அப்ப யாரும் பேசக் கூடாது."

"பேசவே மாட்டன் மேடம்," என்றார். பேசாமல் இருப்பேன் என்று அவர் சொன்னதை நம்பிய முதல் ஆள் கோச்தான்; வெளியூர்க்காரர் இல்லையா.

இரண்டாம் லெவல் பிள்ளைகள் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு கால் அடிக்க வேண்டும். முதல் நாள் யாழினி பலகையைக் கம்பி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, "கால அடி பாப்பா, கால அடி!" என்ற குரல் தாங்காமல் அவள் காலை அடித்தாள். பலகை ஒரு பக்கம் போனது, அவள் இன்னொரு பக்கம் போனாள். தலை உள்ளே போய்விட்டது. கோச் பக்கத்திலேயே நின்றதால் ஒரு கையால் அள்ளித் தூக்கிக் கரையில் உட்கார வைத்துவிட்டார். கண் இமைக்கும் நேரம்தான்.

ஆனால், அந்த நேரத்துக்குள் ஜெராக்ஸ்காரர் வேலியைத் தாண்டியிருந்தார். எப்படித் தாண்டினார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் ஏறவே யாராவது கை கொடுக்க வேண்டிய உடம்பு அது. சட்டைப் பையில் போன், இடுப்பில் கடைச்சாவி, காதில் பேனா. அப்படியே தொபீரென்று குதித்தார். குளத்தில் அலை எழுந்து என் புடவை வரை நனைந்தது.

குதித்தவர் மேலே வரவில்லை. ஒரு கை வந்தது, பிறகு ஒரு கால் வந்தது. பிறகு, "காப்..." என்று பாதிச் சொல் வந்தது. பேனா மட்டும் நன்றாக மிதந்தது.

கரையில் இருமிக்கொண்டிருந்த யாழினி எழுந்து நின்று, உயிர் போகிற மாதிரி கத்தினாள். "நைனா! நில்லு நைனா! நிக்கலாம் நைனா!"

கோச் போய் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். "சார், எழுந்து நில்லுங்க." நின்றார். தண்ணீர் அவருடைய இடுப்புக்குக் கீழே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். வேலியோரம் நின்ற பெற்றோர் எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்காமல், நடுங்கிக்கொண்டு, தண்ணீரில் நடந்து போய் மகளின் தலையையும் கையையும் காலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இருவரும் குளத்துப் பக்கம் வரவில்லை. பஜாரில் அவரைப் பார்த்தவர்கள், "இன்னா ஜெராக்ஸு, நாலாவது லெவல் முடிச்சிட்டியாமே?" என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து நான் கடைக்குப் போனபோது, கொடுத்த தாளை அவர் படிக்காமலே மெஷினில் வைத்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

"இன்னா ஆச்சு ஜெராக்ஸ் அண்ணா? பாப்பாவை அனுப்பலயா?"

"வர மாட்டேங்குது டீச்சர்."

"தண்ணி குடிச்ச பயமா?"

"அத்தெல்லாம் அன்னிக்கே மறந்துடுச்சி." உள்ளே பெஞ்சில் இருந்த யாழினியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் முங்குனத பாத்துடுச்சி டீச்சர். 'உனுக்குத் தெரியாதா நைனா'ன்னு கேட்டுச்சி. இப்ப நான் குளிக்கப் போனாக்கூட கதவாண்ட வந்து நிக்குது. 'நைனா, இருக்கியா?'ன்னு கொரல் குடுக்குது. நான் ஒரு வாளித் தண்ணியில குளிக்கறவன்."

"அப்ப செட்டிகுளம்?"

"படிக்கட்டு வரைக்கும் போயிருக்கன். கால நனைச்சிருக்கன்."

தாளை எடுத்தார். திருப்பி வைத்தார். "எங்கூட்ல யாருக்கும் நீச்சல் கெடயாது டீச்சர். எங்க நைனா அடுத்தவங்க கெணத்துக்குத் தூரு வாருனவரு, அதுல தண்ணி நெறஞ்சா எட்டிப் பாக்க மாட்டாரு. எனுக்கும் அப்பிடியே. லெவலு ஒண்ணுன்னா பயந்தவங்க கூட்டம்னு நெனச்சிட்டன். நம்ம பயம் அதுக்கு ஒட்டக் கூடாதுன்னு மேல போடச் சொன்னன். வேற ஒண்ணியும் இல்ல."

ஊருக்கே யோசனை சொல்கிறவருக்கு யோசனை சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் அவர் குளத்துக்கு வந்தார், யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு. கோச்சிடம் நேராகப் போனார்.

"மேடம், ரெண்டு பேரையும் சேத்துக்கங்க."

"பெரியவங்களுக்குக் காலையில தனி பேட்ச் இருக்கு சார்."

"அங்க எங்க பாப்பா இருக்காது மேடம்."

கோச் அவரையும் யாழினியையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்த லெவல் சார்?"

"ஒண்ணு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனுக்கு டெஸ்ட்டு எதுனா உண்டா?"

"அன்னிக்கே பாத்துட்டேன் சார்."

அவருடைய அளவில் நீச்சல் டிரவுசர் செஞ்சி பஜாரில் கிடைக்கவில்லை. திண்டிவனம் போய் வாங்கி வந்தார். முதல் லெவலுக்கு மஞ்சள் தொப்பி. சின்னப் பிள்ளைகளின் தொப்பிதான் இருந்தது. அதை அவர் தலையில் மாட்டியபோது பலாப்பழத்துக்குப் பலூன் போட்டது போலிருந்தது. பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் யாழினி, இன்னொரு பக்கம் யூகேஜி படிக்கும் வாண்டு ஒன்று. நடுவில் இவர், தொப்பை தண்ணீருக்கு மேலே மலை போல.

"மிஸ், இந்த அங்கிள் என் தண்ணியெல்லாம் அந்தப் பக்கம் தள்றாரு," என்று வாண்டு புகார் செய்தது.

முகத்தைத் தண்ணீரில் வைத்து முட்டை முட்டையாகக் குமிழி விடுவதுதான் முதல் பாடம். மற்ற பிள்ளைகள் சுலபமாக விட்டார்கள். இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி, சாமி பெயர் சொல்லி, தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றுவிடுவார். "நைனா, மூக்க புடிக்காத. இதோ பாரு," என்று யாழினி முகத்தை உள்ளே வைத்துக் காட்டினாள். "பாத்தியா? ஒண்ணும் ஆவல." மறுபடியும் காட்டினாள். அப்பாவைக் காவல் காக்கிற மும்முரத்தில், தான் கம்பியை விட்டுவிட்டோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. கோச்சுக்குத் தெரிந்தது. வாயே திறக்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் முடியும் முன்னால் யாழினி தானாகவே மிதந்தாள். கோச் அவளைக் கூப்பிட்டு மஞ்சள் தொப்பியைக் கழற்றி நீலத் தொப்பியை மாட்டினார். அது இரண்டாம் லெவல். எங்கள் கவினுக்கும் அன்றுதான் நீலம் கிடைத்தது. ஆனால், நாங்கள் எல்லோரும் பார்த்தது யாழினியைத்தான். அவள் நகரவில்லை.

"நீ எப்ப நைனா வருவ?"

"வரன், வரன். நீ முன்னாடி போயி எடம் புடிச்சி வை."

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கச் சொல்வது போலத்தான் சொன்னார். அவளும் நம்பிப் போனாள். மறுநாள் கடையில் யாரோ, "இன்னா ஜெராக்ஸு, கடைசில மூணாவது லெவலு கெடச்சிதா?" என்று கிண்டல் செய்தார்கள். "பாப்பா ரெண்டு, நான் ஒண்ணு. கூட்டிப் பாரு," என்று சொல்லிவிட்டு, கிண்டல் செய்தவர் கொடுத்த தாளைப் படித்து, அதில் இருந்த இரண்டு தப்புகளையும் உரக்கச் சொன்னார்.

வகுப்பின் கடைசி நாள். நேரம் முடிந்து கோச் விசில் ஊதிவிட்டார். பிள்ளைகள் கரையேறித் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கவின் தலையைத் துவட்டிச் சட்டையும் மாட்டிவிட்டு, "போலாம்மா, பசிக்குது" என்றான். ஆழம் குறைந்த மூலையில் ஜெராக்ஸ்காரர் மட்டும் தனியாக நின்றார். மூக்கிலிருந்து கையை எடுத்தார். யாழினியின் நீலத் தொப்பி எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, தண்ணீரை நோக்கி மெதுவாகக் குனிந்தார்.

"இருடா, அஞ்சு நிமிஷம்," என்று சொல்லி, நான் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.