லூக்கா நாளில் நின்ற சர்வர்

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி காலை எட்டேகால் மணிக்கு, மாவட்ட நில ஆவண அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரையும் அந்த அலுவலகத்துக்கு அடையாளம் தெரியவில்லை.

யார் யார், அவரவர் கடவுச்சொல் என்ன, எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் சர்வர் ஒன்று அங்கே உண்டு. அதன் தரவுத்தளம் திறக்க மறுத்துவிட்டது. இயக்குநர் யகோதாவின் கணினியே அவரைப் பார்த்து, இப்படி ஒருவர் இல்லை என்று சொல்லிவிட்டது. அவரிடம் அப்படிச் சொல்லிவிட்டு யாரும் தப்பித்ததில்லை.

"நெபோய்ஷா, மூணு மணிக்கு பெல்கிரேடு தலைமையகத்துல இருந்து ஆளுங்க வர்றாங்க. இங்க எல்லாமே கணினியிலதான் நடக்குதுன்னு பெருமையா எழுதிக் குடுத்திருக்கேன்."

"தெரியும் மேடம்."

"உன்னை நிரந்தரமாக்கற காகிதம் என் மேஜையில கிடக்கு. கையெழுத்துப் போடறதா, கிழிக்கறதா? நீயே சொல்லு."

நெபோய்ஷாவுக்கு வயது முப்பத்தொன்பது. நாலு வருஷமாக அங்கே ஒப்பந்த ஊழியர். சர்வரைப் பார்த்துக்கொண்ட விதோமிர் மார்ச்சில் ஓய்வு பெற்றதும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. நிரந்தரம் மட்டும் விழவில்லை.

முதலில் சர்வரை நிறுத்திப் போட்டார். அதுவரை வேலை செய்த கதவுகளும் பூட்டிக்கொண்டன. ஆவண அறைக்குள் மாட்டிக்கொண்ட ஓட்டுநர் ரத்கோவை ஸ்க்ரூடிரைவரால்தான் மீட்க முடிந்தது.

அடுத்து, பழுது பார்க்கும் நிரலை ஓட்டினார். அது பழுதான பக்கங்களை நீக்குகிறேன் என்று ஆரம்பித்து, எல்லாப் பெயர்களையும் நீக்கிவிட்டு, வேலை வெற்றிகரமாக முடிந்தது என்றது.

மிச்சம் இருந்தது நேற்று ராத்திரி எடுத்த நகல். அதை ஏற்றப் போனால், மீட்புக்கென்று தனியாக வைத்த கடவுச்சொல்லைக் கேட்டது. பதினொரு வருஷத்துக்கு முன் விதோமிர் வைத்தது. இரும்புப் பெட்டியில் அரக்கு முத்திரையோடு ஒரு உறை இருந்தது. இயக்குநர் முன்னிலையில் பிரித்தார்கள்.

"என்கிட்ட இருக்கு. விதோமிர்" என்று எழுதியிருந்தது.

நெபோய்ஷா போன் போட்டார்.

"அண்ணே, சர்வர் படுத்துருச்சு. அந்த மீட்புக் கடவுச்சொல்..."

"எட்டேகாலுக்கா? சரி சரி. போன்ல கடவுச்சொல் சொல்லக் கூடாதுன்னு உனக்கு நான்தானே சொல்லிக் குடுத்தேன்? நேர்ல வா தம்பி."

ஏழு நிமிஷ நடை. வாசலில் கால் வைத்ததும் தேன்மெழுகுவத்தி வாசனை வந்தது. அப்போதுதான் நெபோய்ஷாவுக்கு உறைத்தது. இன்று புனித லூக்கா நாள், விதோமிர் வீட்டு ஸ்லாவா. குடும்பப் புனிதரின் இந்த நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. நாள் தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள். வந்தவர்கள் சாப்பிடாமல் போகக் கூடாது. வீட்டுக்காரர் உட்காராமல் நின்று பரிமாற வேண்டும். வருஷா வருஷம் மொத்த அலுவலகமும் வந்த வீடு. இன்று அந்த நீண்ட மேஜையில் காது கேளாத ஒரு மாமா மட்டும் உட்கார்ந்திருந்தார். நெபோய்ஷாவுக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணே, மன்னிச்சிருங்க. அந்தக் கடவுச்சொல்..."

"ஸ்லாவா மேஜையில ஆபீஸ் பேச்சா? உக்காரு."

விதோமிரின் மனைவி ரூஜிட்சா இனிப்புக் கோதுமையை ஒரு கரண்டி ஊட்டாத குறையாகக் கொடுத்தார். பிறகு பிளம் சாராயம். பிறகு சூப். முட்டைக்கோஸ் இலையில் கறி சுற்றி வேகவைத்த சர்மா வரும்போது போன் அடித்தது.

"எங்க இருக்க?" என்றார் இயக்குநர்.

"வாங்கிட்டு இருக்கேன் மேடம்."

"வாயில என்ன?"

அவரை இழுத்து வர ரத்கோவைக் காரோடு அனுப்பினார் இயக்குநர். ரத்கோ இரண்டாவது சர்மாவில் மனம் மாறிவிட்டார். ரத்கோவைத் தேடிக் கணக்குப் பிரிவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். திரை எல்லாம் இருண்டு கிடக்க, சும்மா உட்கார்ந்திருந்த மற்றவர்களும் ஆளுக்கொரு காரணத்தோடு பின்னாலேயே வந்தார்கள். வந்தவருக்கெல்லாம் தட்டு இருந்தது. விதோமிர் முகம் சிவக்கச் சிவக்கப் பரிமாறினார்.

ஒன்றேகாலுக்கு இயக்குநரே வந்தார், கையில் அந்தக் காகிதத்தோடு.

"எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா? நெபோய்ஷா, உன் கண்ணு முன்னாலயே இதைக் கிழிக்கணும்னுதான் கொண்டுவந்தேன்."

"முதல்ல கோதுமை எடுத்துக்கங்க மேடம்" என்றார் ரூஜிட்சா.

ஸ்லாவா கோதுமையை வேண்டாம் என்று சொல்ல இயக்குநருக்கும் அதிகாரம் கிடையாது. அவர் உட்கார்ந்தார். சூப்பில் ஆவி பறந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "போன வருஷத்தை விட நல்லா இருக்கு" என்றார். காகிதம் ரொட்டிக் கூடைக்கு அடியில் போயிற்று.

வறுத்த பன்றி முடிந்ததும் விதோமிர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. நெபோய்ஷாவின் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகினார்.

"ஓடு தம்பி. நாப்பது நிமிஷம் ஆகும். கவலைப்படாத, சரியா வரும்."

சரியாகவே வந்தது. ஒரு பெயர்கூட விடுபடவில்லை. இரண்டு நாற்பத்தைந்துக்கு நெபோய்ஷா போனில் தகவல் சொன்னார். எல்லோரும் அடித்துப்பிடித்து அலுவலகம் திரும்பினார்கள். இயக்குநர் கிளம்பும் முன் அந்த மேஜையிலேயே கையெழுத்துப் போட்டாராம். காகிதத்தில் ஓரமாகக் கொஞ்சம் சூப் கறை.

பெல்கிரேடுக்காரர்கள் திருப்தியாகக் கிளம்பியதும், அவசரத்தில் விட்டுவந்த கோட்டை எடுக்க நெபோய்ஷா அந்த வீட்டுக்குப் போனார். விதோமிர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சிரித்த முகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ரூஜிட்சா அடுக்களையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"திடீர்னு இருபத்திரெண்டு பேர் வந்து நின்னா எப்படி அண்ணி சமாளிச்சீங்க?"

"திடீர்னா? ஆபீஸ்ல இருந்து இருபத்திரெண்டு பேர், மேடம் ஒண்ணேகாலுக்குக் கடைசியா வருவாங்க, அவங்க சூப்பைச் சூடா வைன்னு இவரு மார்ச் மாசமே சொல்லிட்டாரே."